அப்பா டோஹாவில் – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலை, உப்புவெளி. இப்போது டோஹாவில் வேலை. 1990இல் அப்பாவைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். தகப்பன் கவனிப்பில்லாமல் வளரும் ஆண்பிள்ளைகளுக்கு நடுவயதில் இருதய வருத்தம், பிரஷர் அதிகம் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். அதிலிருந்து மகனை நினைத்துத்தான் பயம். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவில் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அந்தக் கட்டுரையை நம்பி வேலையை விடாதீர்கள்.

அதில் சொன்னது பொய்யில்லை. ஹார்வர்டில் 1950களில் படித்த மாணவர்களிடம் பெற்றோரோடு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டு எழுதி வைத்தார்கள். 35 வருடம் கழித்துப் பார்த்தால், அப்பாவோடு ஒட்டுதல் இல்லை என்றவர்களில் 82 வீதமானோருக்கு இருதய நோய், பிரஷர், குடற்புண், குடி என்று ஏதாவது ஒன்று இருந்தது. ஒட்டுதல் உண்டு என்றவர்களில் 50 வீதம். அம்மா விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது: 91க்கு 45. தகப்பன்மாரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்களைத் தனியே வளர்த்தெடுத்த அம்மாவும் இந்தக் கணக்கில் வருவார். சின்ன ஆய்வு அது. கூட்டத்துக்குச் சொன்ன கணக்கு, உங்கள் சாத்திரம் அல்ல.

அங்கே கேட்டது நெருக்கத்தை. அப்பா வீட்டில் இருந்தாரா என்பதை அல்ல. திருக்கடலூரில் இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு வந்து பகலில் விறாந்தையில் படுக்கிற தகப்பன் வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைக்குக் கேட்பது, "சத்தம் போடாதே, அப்பா படுத்திருக்கிறார்." அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை, உழைப்பு அப்படி.

காசையும் குறைவாக நினைக்காதீர்கள். 2017இல் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்றில், தகப்பனை இழந்த (சாவு, சிறை, பெற்றோர் பிரிவு எதுவானாலும்) 9 வயதுப் பிள்ளைகளுக்கு டெலோமியர் (குரோமோசோமின் நுனி, வயதோடு தேய்வது) 14 வீதம் குட்டையாக இருந்தது. ஆண்பிள்ளைகளில் பாதிப்புக் கூட. ஆனால் பெற்றோர் பிரிந்த வீடுகளில் அந்த வேறுபாடு ஏறக்குறைய முழுக்க வருமானம் விழுந்ததோடு சேர்ந்தே வந்தது. இறந்த வீடுகளில் வருமானத்தின் பங்கு கால்வாசிதான். நீங்கள் மாதாமாதம் அனுப்புவது வெறும் சம்பளம் இல்லை.

உங்கள் இழப்பு பிரிவு, சாவு இரண்டிலும் அடங்காது. ஆடி அமாவாசைக்குக் கோணேசர் தீர்த்தத்தில் இறங்குவதா வேண்டாமா என்றே தெரியாத வீடுகள் நம் ஊரில் எத்தனை! அது உடம்பில் ஏறாமல் இருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் உப்பும் ஓவர்டைமும் நித்திரைக்குறைவும் பிரஷரில் தங்கள் பங்கை எடுக்கின்றன. அவற்றில் உங்களால் கை வைக்க முடியும்.

அப்புறம் மகன். வாட்ஸ்அப்பில் என்ன கதைக்கிறீர்கள்? பல வீடுகளில் நான் கேட்பது இது: "படிச்சியா? மார்க்ஸ் எத்தனை? சரி, அம்மாட்ட குடு." புலமைப்பரிசில் வருடமென்றால் அதுவும் சுருங்கிவிடும். பரீட்சையை அம்மா பார்த்துக்கொள்வார். நீங்கள் அவனுடைய கூட்டாளிகளின் பெயர்களைக் கேளுங்கள், டோஹாவில் உங்கள் அறையைக் காட்டுங்கள். அவன் கதைத்து முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். லீவை இரண்டு வருடத்திலிருந்து ஒன்றாக்க முடியுமா என்றும் கம்பனியில் கேட்டுப் பாருங்கள். குளிசையை விடவேண்டாம்.