வாழ்நாள் வாரண்டி: யாருடைய வாழ்நாள்?

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று போட்டிருந்த அரை இன்ச் ராட்செட் (நட்டு, போல்ட்டை ஒரு பக்கமாகச் சுழற்றும் கைப்பிடி), அதில் மாட்டும் சாக்கெட் (நட்டைக் கவ்வும் குழல்) செட் வாங்கினேன். போன வருடம் ஒரு சாக்கெட் வெடித்துப் பிளந்தது. கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ராட்செட் வழுக்குகிறது. அதே கடையில், “பில் இல்லை, தேய்மானத்துக்கு வாரண்டியும் இல்லை” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ராட்செட்டை முதலில் பார்ப்போம், கடையை அப்புறம் பார்க்கலாம். வழுக்குகிற ராட்செட் எல்லாம் தேய்ந்த ராட்செட் இல்லை. தலைக்குள் இருக்கும் கிரீஸ் அழுக்கோடு சேர்ந்து கெட்டியாகிவிட்டால், பல்லில் போய் உட்கார வேண்டிய சின்ன நாக்கு பாதி வழியில் நின்றுவிடும். கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று வாரண்டி அட்டையில் இல்லையென்றால், தலையைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, லேசான எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு தட்டுக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எகிறிப் போனால் கிடைக்காது. கெட்டி கிரீஸை மறுபடி அப்பாதீர்கள், பல் நெருக்கமான ராட்செட்டில் அதுவே வழுக்கலுக்குக் காரணமாகும்.

கழுவிய பிறகும் வழுக்கினால், பல் முனை மழுங்கியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் வாரண்டிப் பேச்சு.

சாக்கெட்டுக்கு ஒரு நியாயம், ராட்செட்டுக்கு ஒரு நியாயமா என்று உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். சாக்கெட் ஒற்றைத் துண்டு, விலையும் குறைவு. வாதாடுவதைவிட மாற்றிக் கொடுப்பது கடைக்கு லாபம். ராட்செட்டில் அசையும் பாகங்கள் உண்டு. அதனால் பல கம்பெனிகள் முழு ராட்செட்டுக்குப் பதில் உள்பாகங்களை மட்டும் ‘ரிப்பேர் கிட்’ ஆகத் தருகின்றன. நீங்கள் புது ராட்செட் கேட்டிருந்தால், கிட் கேட்டுப் பாருங்கள். “இல்லை” என்ற பதில் பெரும்பாலும் அங்கே மாறும்.

இதைவிடப் பெரிய விஷயம், வாக்குக் கொடுத்தது யார் என்பது. கடையின் சொந்த பிராண்டு என்றால் கவுண்டரிலேயே முடியும். வேறு கம்பெனியின் பொருள் என்றால் கடைக்காரர் இடையில் நிற்பவர்தான். அவர் மாற்றிக் கொடுப்பது தயவு. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் தங்கள் சொந்த பிராண்டான கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளைக் கவுண்டரிலேயே மாற்றிக் கொடுத்துப் பேர் வாங்கின. 2017-இல் அந்த பிராண்டு ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவிக் கம்பெனியின் கைக்குப் போனது. 2018-இல் சியர்ஸ் திவால் மனு போட்டது. கருவி அப்படியே இருந்தது, மாற்றித் தந்த கவுண்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

‘வாழ்நாள்’ என்பதிலும் ஒரு சிக்கல். உங்கள் வாழ்நாளா, கருவியின் பயன்பாட்டுக் காலமா, முதலில் வாங்கியவர் வைத்திருக்கும் வரையா? விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் எந்த வாழ்நாள் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல். உங்கள் அட்டையில் ‘தயாரிப்புக் குறை’ என்று மட்டும் இருந்தால், தேய்மானம் பற்றிக் கடைக்காரர் சொன்னது சரிதான். ‘எந்தக் காரணத்தால் உடைந்தாலும்’ என்று இருந்தால் அந்த வரியைக் காட்டிப் பேசுங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), இன்ச் டேப், பிளேடு, டிரில் பிட் போன்றவை பெரும்பாலும் வாழ்நாள் வாரண்டியில் சேராது.

உடைந்த கருவியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வளைந்து பிறகு முறிந்திருந்தால் பாரம் அதிகம். வளையாமல் பட்டென்று உடைந்து, உடைந்த முகத்தில் ஒரு பக்கம் பழைய துரு தெரிந்தால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது என்று அர்த்தம். தயாரிப்புக் குறை என்று வாதாட நல்ல சாட்சி அது. பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துச் சுழற்றும் மெஷின்) மாட்டி வெடிக்க வைத்துவிட்டு வாரண்டி கேட்கக் கூடாது. அந்த வேலைக்குக் கறுப்பு சாக்கெட் தனியாக இருக்கிறது. ஒருமுறை ஸ்பேனர் கைப்பிடியில் பைப் மாட்டி அழுத்தி வளைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கடைக்குக் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு நீளப் பைப் தம்பி?” என்றார். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

சரி, பில். அதைக் கேட்காமலே மாற்றித் தரும் கம்பெனிகளும் உண்டு, ஆகவே கம்பெனிக்கே மெயில் போடுங்கள். முழுக் கருவி, அதில் பொறித்த பேரும் எண்ணும், உள்ளே பழுதான இடம் என்று மூன்று படம் போதும். எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதை இரண்டு வரியில் உள்ளபடி எழுதுங்கள். பதில் வரும்வரை ராட்செட்டைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம். இனி வாங்குவதற்கு, பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் தாளில் அச்சான எழுத்து இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப் போய்விடும்.