பழைய டாடா ஏஸில் கிளட்ச் பெடல் அமுக்கினால் மேலே வரவில்லை, காலால் தூக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச் செட் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டார்கள், அப்படித்தானே? கொஞ்சம் பொறுங்கள். உங்களுடையது 2005-ல் வந்த 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் சின்ன யானை என்று வைத்துக்கொள்கிறேன். அதில் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்கிறது. ஆயில் கிடையாது, ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கிடையாது. ஆகவே "ஆயில் லைனில் ஏர் எடுத்தால் சரியாகிவிடும்" என்பவர்களை விட்டுவிடுங்கள்.

முதலில் கால் மேட் மடிந்து பெடலுக்கு அடியில் சொருகியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாருங்கள்.

அதில்லை என்றால் மூன்று இடத்தைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஆறட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நுனியில் மரை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, லாக் நட்டைத் தளர்த்திக் கேபிளைக் கழற்றுங்கள். பெடல் பக்கமும் கழற்றுங்கள்.

இப்போது பெடலைக் கையால் ஆட்டினால் தடையில்லாமல் ஆட வேண்டும். பிடித்தால் பெடல் புஷ் (பெடல் பின்னைச் சுற்றியுள்ள சின்னக் குழாய்) காய்ந்துவிட்டது. பின்னை உருவி, துருவை உப்புத் தாளால் தேய்த்து, புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மாற்றி, லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே மட்டும் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு, சில நாளில் மறுபடி பிடிக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் இருந்தால் அதன் கொக்கி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கேபிள். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். உள்கம்பியை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நறநறத்தாலோ, ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். அறுந்த இழை உள்ளே லைனரில் (கேபிள் உறைக்குள் கம்பி வழுக்கிப் போகும் குழாய்) குத்தி நிற்பதால்தான் பெடல் பாதியில் நிற்கிறது. நைலான் லைனர் உள்ள கேபிளுக்கு எண்ணெய் விடக் கூடாது. மணலும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். "நாங்கள் விடுகிறோமே" என்பீர்கள். லைனர் இல்லாத பழைய கேபிளுக்கு அது சரி. புதிது போடும்போது கூர்மையாக வளையாமலும் சைலன்சர் குழாயில் உரசாமலும் போகட்டும்.

புதுக் கேபிளும் சில மாதத்தில் இறுகினால், இன்ஜினிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, செல்ஃப் அடிக்கும் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கம்பி சூடாகி லைனர் உருகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

மூன்றாவது ஃபோர்க் லிவர், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் இழுக்கிற லிவர். கையால் தள்ளினால் கொஞ்சம் லூசாக ஆடி, பிறகு கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் முட்டி நிற்க வேண்டும். அந்த லூஸ் ஆட்டமே இறுகலாக இருந்தால் லிவர் ஷாஃப்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ரிலீஸ் பேரிங் (லிவர் தள்ளும்போது பிரஷர் பிளேட்டை அமுக்கும் பேரிங்) தன் குழாயில் ஒட்டுகிறது. இதற்கு மட்டும்தான் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். இறக்கினால் பேரிங்கையும் மாற்றுங்கள். குழாயில் கிரீஸ் மெல்லிசாகப் போதும். அதிகமானால் தெறித்து பிளேட்டில் பட்டு கிளட்ச் வழுக்கும்.

பூட்டும்போது பெடலில் ஃப்ரீ ப்ளே (தடை தட்டும் முன் பெடல் லூசாக இறங்கும் தூரம்) கேபிள் வண்டிகளில் பொதுவாக 20 மிமீ அளவு. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. குறைந்தால் பேரிங் ஓயாமல் சுற்றி, பிளேட்டும் வழுக்கித் தேயும். கூடினால் ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரக்கும். பெடலைப் பத்துப் பதினைந்து முறை அமுக்கி, திரும்ப அளந்து, அப்புறம் லாக் நட்டை இறுக்குங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன்: முக்கால் டன் வண்டியில் இரண்டு டன் ஜல்லி ஏற்றச் சொல்லிவிட்டு, கிளட்ச் செலவை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கிற ஓனர்களுக்கு எந்தக் கேபிள் போட்டாலும் நிற்காது.