‘5 ஆம்பியர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

கேள்வி: வீட்டிலேயே ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்தேன். டிடிஏ 7294 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி வைத்த போர்டு இரண்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் 24 வோல்ட்), பிளஸ் பக்கத்துக்கு ஒன்று, மைனஸ் பக்கத்துக்கு ஒன்று என 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்கள். மெதுவாக வைத்தால் அருமையாகப் பாடுகிறது. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் பேஸ் அடிக்கும்போதெல்லாம் சத்தம் உடைகிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். அரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட முடியவில்லை. அதன் மேல் 5 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. கடைக்காரரோ “போர்டு போச்சு, மாத்துங்க” என்கிறார். மாற்றிவிடட்டுமா?
(விழுப்புரம் வாசகர்)

பதில்: போர்டுக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். மெதுவாக வைத்தால் சுத்தமாகப் பாடுகிற ஐசி, சத்தம் ஏறும்போது மட்டும் உடைகிறது என்றால் அதற்கு வேண்டிய கரண்ட் வந்து சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தொட முடியாத சூடும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

மல்டிமீட்டரைத் தேடுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைத் தராசில் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 24-0-24, 5 ஆம்பியர் என்றால் 48 × 5 = 240 விஏ (வோல்ட் × ஆம்பியர்). அந்த அளவுக்குச் இரும்புத் தகடு அடுக்கிய சாதாரண ஈஐ கோர் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று கிலோவுக்கு மேல் எடை நிற்க வேண்டும். ஒன்றேகால் கிலோதான் இருக்கிறது என்றால், ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் ஒன்றரை ஆம்பியர் கிடைத்தாலே பெரிய விஷயம். செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றி விற்பதும் உண்டு. அதே தடிமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு; சூடாகாமல் என்ன செய்யும்?

எடை சரியாக இருந்தால் அடுத்தது மீட்டர். பாட்டு ஓடாதபோது கண்டன்சர்களில் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 33 முதல் 36 வோல்ட் டிசி இருக்கும். பிறகு பேஸ் அதிகமுள்ள பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கும் ஓர முனைக்கும் இடையே ஏசி பாருங்கள். 24 காட்டியது 19, 20 என்று இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர்தான் குற்றவாளி. ஏசி பெரிதாக அசையாமல் டிசி மட்டும் விழுந்தால் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு, கண்டன்சர், இல்லையென்றால் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு). பிளஸ் கோடிக்கும் மைனஸ் கோடிக்கும் இடையே 70 வோல்ட் இருக்கிறது, கவனம். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும்.

அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது? நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜைத் தாண்டி வரும்போது கண்டன்சர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது. இடைப்பட்ட நேரத்தில் ஐசிக்குக் கண்டன்சர்தான் கரண்ட் கொடுக்கிறது. 2 ஆம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோஃபாரடில் வோல்டேஜ் சுமார் 4 வோல்ட் ஏறி இறங்கும். ஐசி தன் எல்லையைத் தொடும்போது அந்த ஆட்டம் பாட்டோடு கலந்து கேட்கிறது. 10,000 மைக்ரோஃபாரட் போட்டால் ஆட்டம் பாதியாகும். வாங்கும்போது 63 வோல்ட் கண்டன்சராகப் பாருங்கள். மலிவான கிட்களில் 35 வோல்ட் கண்டன்சரை வைத்துத் தருகிறார்கள். ராத்திரியில் மெயின்ஸ் 245-ஐத் தொடும் ஊர்களில் அது உப்பிப் போவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் கடைக்காரர் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த ஐசியின் டேட்டாஷீட்டில் (தயாரித்த கம்பெனி தரும் விவரத் தாள்) 8 ஓம்ஸுக்கு ±35 வோல்ட், 4 ஓம்ஸுக்கு ±27 வோல்ட் என்று வைத்துத்தான் 70 வாட்ஸ் கணக்கு காட்டியிருக்கிறார்கள். நீங்கள் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை ±34 வோல்டில் ஓட்டுகிறீர்கள். நல்ல 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரே கிடைத்தாலும் ஐசி கொதிக்கும். ஸ்பீக்கரை மாற்ற மனமில்லை என்றால் 18-0-18, 5 ஆம்பியர் வாங்குங்கள். ±24 வோல்ட் வரும், ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் பாடும். வீட்டு ஹாலுக்கு அதற்கு மேல் எதற்கு?

சரி, பழையதைத் திருப்பிக் கொடுக்கலாமா? எடையிலும் மீட்டரிலும் அது 5 ஆம்பியர் இல்லை என்று தெரிந்தால் தாராளமாகக் கேட்கலாம். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம்; பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தராமலிருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். தராசில் வைத்து ஒரு போட்டோ, ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒயரை வெட்டாமல் கழற்றுங்கள். வெட்டினால் “நீங்கதான் கெடுத்தீங்க” என்று பேச்சு வரும். கடைக்காரர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்காக வழக்கு வரை போய் அலைவது என் கணக்கில் கட்டுப்படியாகாது. அடுத்ததை வாங்கும்போது ‘18-0-18, 5 ஆம்பியர், செம்புக் கம்பி’ என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் ஹம் (‘ம்ம்ம்’ இரைச்சல்) வருகிறது. பெரிய கண்டன்சர் போட்டும் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டுமா?

பதில்: போர்டின் இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்து பாருங்கள். ஹம் நின்றால் வால்யூம் கண்ட்ரோல் ஒயரிங்கில்தான் கோளாறு; ஷீல்டு ஒயர் (வெளியே கம்பி வலை சுற்றிய ஒயர்) போட்டால் தீரும். நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் ஒயர்களைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை இரண்டு கண்டன்சர்களும் சேரும் இடத்துக்கு வரட்டும்; போர்டு, ஸ்பீக்கர் கிரவுண்டுகளையும் அந்த ஒரே இடத்திலிருந்து தனித்தனியாக எடுங்கள். இதற்கு ஒயர் செலவு மட்டும்தான்.