பெம்புரோக் கோமான் வில்லியம் மார்ஷலின் கொடிவழி: கேள்வி பதில்

மூன்றாம் ஹென்றி சிறுவனாக இருந்தபோது இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, 1219 மே 14 அன்று காவர்ஷமில் மறைந்த வில்லியம் மார்ஷலின் முன்னோரையும் வழித்தோன்றல்களையும் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை அளித்திருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட சில கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: மார்ஷலின் தந்தைவழியை எந்தத் தலைமுறை வரை நம்பிக்கையோடு பின்னோக்கிச் சொல்லலாம்? சில வமிசாவளிப் படங்கள் 1066இன் நார்மானியப் படையெடுப்புக்கும் முன்னால் போகின்றனவே.

பதில்: பாட்டனார் கில்பர்ட் வரை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேலே எழுதப்பட்டிருக்கும் பெயர்களை நான் ஏற்பதில்லை. அவற்றுக்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. கில்பர்ட் முதலாம் ஹென்றியின் அரண்மனையில் குதிரை லாயத்தையும் அதைச் சார்ந்த ஒழுங்கையும் கவனித்த மார்ஷல் என்னும் பணியாளர். அந்தப் பணி தமக்கே உரியது என்று வேறு இருவர் உரிமை கோரியபோது, கில்பர்ட்டும் அவருடைய மகன் ஜானும் அரசரின் நீதிமன்றத்தில், போரிட்டு வெல்பவருக்கே உரிமை என்னும் முறையில் வழக்காடி வென்றார்கள். இது 1200இல் ஜான் அரசர் அளித்த உறுதிப்பட்டயத்தின் வழியே நமக்குத் தெரிகிறது. அரசுக் கருவூலத்தின் ஆண்டுக் கணக்குச் சுருள்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1130ஆம் ஆண்டினுடையது. தந்தையின் நிலத்துக்கும் பணிக்கும் உரிமை பெறுவதற்காக ஜான் பணம் செலுத்த வேண்டியிருந்தது அதில் பதிவாகியிருக்கிறது. கில்பர்ட் அதற்குச் சற்று முன்புதான் இறந்திருக்க வேண்டும் என்று நாம் கணிப்பது இந்த ஒரு வரியைக் கொண்டுதான். பணியின் பெயரே பின்னர் குடும்பப் பெயராகிவிட்டதால், அந்நூற்றாண்டின் ஆவணங்களில் மார்ஷல் என்று வரும் ஒவ்வொருவரையும் இக்குடும்பத்தினர் என்று கொள்வது பெரும் பிழையில் முடியும்.

கேள்வி: அவர் நான்காவது மகன் என்று படித்தேன். அப்படியானால் குடும்பச் சொத்து அவருக்கு எப்படி வந்தது?

பதில்: தந்தை ஜானுக்கு இரண்டு மனைவியர். முதல் மனைவி வழியில் கில்பர்ட், வால்டர் என்னும் இரு புதல்வர்கள். ஏறத்தாழ 1145இல் அந்த மனைவியை விலக்கிவிட்டு, சால்ஸ்பரி குடும்பத்தின் சிபிலை அவர் மணந்தார். சிபிலின் சகோதரரான பாட்ரிக்குடன் ஜானுக்கு இருந்த கடும் பகையை முடிப்பதற்காகச் செய்த திருமணம் அது. இரண்டாம் மனைவியின் மூத்த மகன் ஜான், அடுத்தவர் வில்லியம். மூத்தாள் பிள்ளைகள் இருவரும் 1160களில் இறந்துவிட, சொத்து இளைய ஜானுக்குப் போயிற்று. அவரும் 1194இல் முறையான வாரிசின்றி இறந்தபோதுதான் தந்தைவழிச் சொத்தும் மார்ஷல் பணியும் வில்லியத்தின் கைக்கு வந்தன. அதே ஆண்டில் எக்சிட்டர் ஆயரான ஹென்றி அவருடைய தம்பி.

தாய்வழியைத் தேடுவோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. சிபிலின் தந்தை வால்டர். வால்டரின் தந்தை எட்வர்ட், வில்ட்ஷயரின் ஷெரீஃபாக, அதாவது அங்கே அரசரின் அதிகாரியாக, 1086ஆம் ஆண்டு நிலக்கணக்கெடுப்பிலேயே இடம்பெற்றவர். ஆகவே தந்தைவழியைக் காட்டிலும் தாய்வழியில் ஒரு தலைமுறை கூடுதலாக உறுதியான தரையில் நிற்கலாம்.

கேள்வி: அவர் பிறந்த ஆண்டு 1146 என்றும் 1147 என்றும் காண்கிறேன். எது சரி?

பதில்: பிறப்புப் பதிவு எதுவும் கிடையாது. பெற்றோரின் திருமணக் காலத்தையும், 1152இல் நியூபரி முற்றுகையின்போது ஸ்டீபன் அரசரிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்ட அவர் அப்போது சிறு குழந்தையாக இருந்தார் என்ற செய்தியையும் சேர்த்துக் கணித்த ஆண்டுகளே இவை. அவருடைய மூத்த மகன் எழுதுவித்த 19,000 வரிகளுக்கு மேற்பட்ட பழைய பிரெஞ்சுச் செய்யுள், 1216இல் அவர் 80 வயதைக் கடந்திருந்தார் என்கிறது. அது மிகைக்கூற்று. ஆனால் உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி அதே செய்யுள் தரும் செய்திகள் பெரும்பாலும் அரசு ஆவணங்களோடு ஒத்துப்போகின்றன. வயதில் தவறியதைக் காட்டி அதை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: நான் வரைந்த படத்தில் இசபெல் டி கிளேர் என்பவர் மார்ஷலின் மனைவியாகவும் வருகிறார், பேத்தியாகவும் வருகிறார். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை, அம்மா. அவர்கள் இருவர். மார்ஷலின் மனைவி இசபெல் டி கிளேர். அவர்களுடைய மகள் இசபெல் மார்ஷல், 1217இல் கில்பர்ட் டி கிளேர் என்னும் கோமானை மணந்து பெற்ற மகளும் இசபெல் டி கிளேர்தான். பாட்டியின் பிறந்தகமும் பேத்தியின் பிறந்தகமும் ஒரே குலத்தின் இரு கிளைகள். ஏறத்தாழ 1117இல் இறந்த கில்பர்ட் ஃபிட்ஸ் ரிச்சர்டிலிருந்து எண்ணினால், மணமகனும் மணமகளும் இருவருமே நான்காம் தலைமுறையினர்.

பாட்டனின் பெயரைத் தாங்குவதால் நாம் பெயரன் என்கிறோம். அங்கும் அந்த வழக்கம் அவ்வளவு வலுவாக இருந்தது. மார்ஷலின் பாட்டனாரும், மாற்றாந்தாய் மகனான அண்ணனும், மூன்றாம் மகனும், ஒரு மருமகனும் கில்பர்ட் என்ற ஒரே பெயர் கொண்டவர்கள். ஆகையால் படத்தில் பெயரை மட்டும் எழுதாமல், இறந்த ஆண்டையும் கணவர் அல்லது மனைவியின் பெயரையும் பக்கத்திலேயே எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவியின் வழியில் அயர்லாந்து அரச குலத் தொடர்பு இருப்பது உண்மையா?

பதில்: முழு உண்மை. இசபெலின் தந்தை, ஸ்ட்ராங்போ என்று அறியப்படும் ரிச்சர்ட் டி கிளேர். அவர் 1170இல் வாட்டர்ஃபோர்டில் மணந்த ஈஃபா, லென்ஸ்டர் அரசர் டெர்மட் மக்மரோவின் மகள். நாடிழந்த டெர்மட், தமக்குப் படையுதவி செய்பவருக்கு மகளையும் நாட்டின் வாரிசுரிமையையும் தருவதாக வாக்களித்ததன் விளைவு அந்தத் திருமணம். டெர்மட் 1171இலும் ஸ்ட்ராங்போ 1176இலும் இறந்தார்கள். இசபெலின் ஒரே தம்பி கில்பர்ட்டும் வயது வருமுன் இறந்தார். அதனால் வேல்சின் எல்லையிலிருந்த செப்ஸ்டோவும் அயர்லாந்தின் லென்ஸ்டரும் ஒரு சிறு பெண்ணின் பெயரில் வந்து சேர்ந்தன. 1189இல் அவரை மணந்தபோது மார்ஷலுக்கு நாற்பதுக்கு மேல். இசபெலுக்குப் பதினேழு வயதளவே. மார்ஷல் பெருங்கோமான் ஆனது தம் தந்தையின் சொத்தால் அன்று, இந்தத் திருமணத்தால்தான். பெம்புரோக் கோமான் பட்டம் அவருக்கு முறையாகக் கிடைத்தது 1199 மே 27, ஜான் அரசர் முடிசூடிய நாளில்.

இசபெலின் தந்தைவழி நார்மண்டிக்குச் செல்கிறது. ஸ்ட்ராங்போவுக்கு மேலே, 1138இல் பெம்புரோக்கின் முதல் கோமானாகிய கில்பர்ட். அவருக்கு மேலே கில்பர்ட் ஃபிட்ஸ் ரிச்சர்ட். அவருக்கு மேலே படையெடுப்புக் காலத்து ரிச்சர்ட் ஃபிட்ஸ் கில்பர்ட். அவருடைய தந்தை பிரியோன் கோமான் கில்பர்ட், நார்மண்டியின் முதலாம் ரிச்சர்ட் கோமகனுடைய பேரன். நார்மானிய முன்னோரை மார்ஷலின் தந்தைவழியில் தேடிக் களைத்தவர்கள், அவருடைய பிள்ளைகளின் தாய்வழியில் அதைத் தயக்கமின்றி எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: ஐந்து மகன்கள் இருந்தும் குலம் அற்றுப்போயிற்று என்கிறார்கள். இந்தக் கிளை இத்துடன் முடிந்தது என்று படத்தில் கோடு போட்டுவிடலாமா?

பதில்: ஆண்வழிக்கு அந்தக் கோட்டைப் போடலாம், குருதிவழிக்குப் போடவே கூடாது. மூத்த மகன் வில்லியம் 1231இல் இறந்தார். ரிச்சர்ட், அரசரோடு முரண்பட்டு அயர்லாந்தில் பட்ட காயத்தால் 1234இல் இறந்தார். கில்பர்ட் 1241இல் படைக்கலப் போட்டி ஒன்றில் குதிரையிலிருந்து வீழ்ந்து மாண்டார். வால்டர் 1245 நவம்பரிலும், அடுத்த மாதமே கடைசி மகன் அன்செல்மும் போய்ச் சேர்ந்தார்கள். எவருக்கும் முறையான பிள்ளை இல்லை. தம் திருச்சபைக்குரிய நிலத்தை மார்ஷல் பறித்துக்கொண்டார் என்று ஃபெர்ன்ஸ் ஆயர் இட்ட சாபமே பலித்தது என்று அக்காலத்து வரலாறு எழுதிய துறவி மாத்யூ பாரிஸ் எழுதிவைத்தார். ஐந்து உடன்பிறந்தார் 14 ஆண்டுகளுக்குள் வரிசையாக மறைந்ததைக் கண்ட மக்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

இங்கேதான் நிலச்சட்டம் நமக்குத் துணைவருகிறது. மகன்கள் இருந்தால் மூத்தவருக்கே எல்லாம். மகன் இல்லையென்றால் பெண்மக்கள் அனைவருக்கும் சமபங்கு. ஆகவே 1247இல் மார்ஷலின் பெண்மக்களான ஐந்து சகோதரிகளின் பெயரால் பாகப்பிரிவினை நடந்தது. மூத்தவரான மாடு (Maud) என்பவருக்குச் செப்ஸ்டோவும் கார்லோவும் மார்ஷல் பதவியும். இசபெலின் மகனுக்குக் கில்கென்னி. சிபிலின் பெண்களுக்குக் கில்டேர். ஈவாவின் பெண்களுக்குத் துனமாசும் அதைச் சார்ந்த நிலமும். ஜோனின் மகளுக்கு வெக்ஸ்ஃபோர்டும் பெம்புரோக்கும். அந்த வேளையில் சகோதரிகளில் மாடு ஒருவரே உயிருடன் இருந்தார். மற்ற நால்வரின் பங்கும் அவரவர் பிள்ளைகளுக்குப் போனதால், யார் யாருக்குப் பிறந்தார் என்பதை அரசு அலுவலர்கள் எழுதியே ஆக வேண்டியிருந்தது. சிபிலுக்கு ஏழு பெண்கள். அவருடைய பங்கு மட்டும் ஏழாகப் பிரிந்து, ஒவ்வொருவருக்கும் முழுச் சொத்தில் 35இல் ஒரு பங்கு ஆயிற்று. ஆண்வாரிசு ஒருவர் இருந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும் செய்தி, பெண்வழியால் இத்தனை பெயர்களோடும் திருமணங்களோடும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெண்களின் பெயரை விட்டுவிட்டு வரையப்பட்ட பழைய படங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துவது இதனால்தான்.

ஒரு சிறு சான்றையும் சொல்லவேண்டும். மாடு 1248இல் இறந்தபோது, டின்டர்ன் மடத்தில் அவருடைய உடலை நான்கு மகன்கள் சுமந்து சென்றார்கள். மூவர் முதற்கணவர் ஹியூ பிகாடின் மக்கள். ஒருவர் இரண்டாம் கணவர் வில்லியம் டி வாரென்னின் மகன். இரு திருமணங்களின் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் காட்டும் இத்தகைய குறிப்பு கிடைப்பது அரிது.

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் மார்ஷல் என்ற குடும்பப் பெயரைக் காட்டி, தாங்கள் இவருடைய நேர் ஆண்வழியினர் என்கிறார்கள்.

பதில்: முறையான ஆண்வழியாக அது இயலாது. நார்ஃபோக்கில் ஹிங்காமைக் கொண்டிருந்த மார்ஷல் பிரபுக்கள் அவருடைய உறவினர் ஒருவரின் வழியினர். அந்த வழியும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவீஸ் என்னும் பெண்ணோடு மார்லி குடும்பத்துக்குப் போய்விட்டது. குதிரை மருத்துவரையும் இலாடம் கட்டுபவரையும்கூட மார்ஷல் என்று அழைத்த காலம் அது.

கேள்வி: மூல ஆவணங்களைப் படிக்க விரும்புகிறேன். எதில் தொடங்குவது? வயதும் தேதியும் முரண்படுகின்றனவே.

பதில்: 1230களுக்குப் பிற்பட்டவர் என்றால், இறப்புக்குப் பிந்தைய நில விசாரணைகளில் தொடங்குங்கள். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும், அவர் வைத்திருந்த நிலம் எது, அடுத்த வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று உள்ளூர் மக்களைச் சத்தியம் செய்யவைத்துக் கேட்டு எழுதிய ஆவணங்கள் அவை. வாரிசுக்கு 21 வயதும் அதற்கு மேலும் என்று எழுதியிருந்தால், வயது வந்தவர் என்பது மட்டுமே பொருள். அதைக் கொண்டு பிறந்த ஆண்டைக் கணிக்காதீர்கள். வாரிசு சிறுவராக இருக்கும்போது தரப்படும் வயது பெரும்பாலும் துல்லியமாக இருக்கும், ஏனெனில் சிறுவரையும் அவருடைய நிலத்தையும் பிறர் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பது அதைப் பொறுத்தது. அதற்கு முற்பட்ட காலத்துக்கு, 1155 முதல் ஏறத்தாழத் தொடர்ச்சியாக உள்ள கருவூலக் கணக்குச் சுருள்களும், அரசரின் பொறுப்பிலிருந்த கைம்பெண்களையும் வாரிசுகளையும் பற்றி 1185இல் எடுத்த கணக்கும், ஜான் அரசர் காலந்தொட்டுள்ள ஆணைச் சுருள்களும் உதவும்.

தேதிகளில் முரண்பாடு தோன்றுவதற்கு ஆட்சியாண்டுக் கணக்கு முதற்காரணம். மூன்றாம் ஹென்றியின் ஆண்டு அக்டோபர் 28இல் தொடங்குகிறது; எனவே அவருடைய 30ஆம் ஆண்டு என்பது 1245 அக்டோபரிலிருந்து 1246 அக்டோபர் வரை. ஜான் அரசரின் ஆண்டோ, அவர் முடிசூடிய விண்ணேற்றத் திருநாளிலிருந்து எண்ணப்படுவது. அத்திருநாள் ஆண்டுதோறும் இடம் மாறுவதால் அவருடைய ஆட்சியாண்டுகளின் நீளமும் மாறும். மாற்றிக் கணக்கிடும் அட்டவணையைப் பாராமல் எந்தத் தேதியையும் எழுதவேண்டாம்.

கேள்வி: இன்றைய மார்ஷல் கோமான் பதவி நார்ஃபோக் கோமகனிடம் இருக்கிறது. அவர் அந்தப் பதவியை இவரிடமிருந்து குருதிவழியில் பெற்றவரா?

பதில்: இல்லை. மாடு வழியாகப் பிகாட் குடும்பத்துக்குச் சென்ற பதவி, 1306இல் ரோஜர் பிகாட் பிள்ளையின்றி இறந்ததும் அரசரிடம் திரும்பியது. 1316இல் அதை முதலாம் எட்வர்டின் மகன் தாமசுக்கு அளித்தார்கள். தாமசின் மகள் மார்கரெட் வழியாக மோப்ரே குடும்பத்துக்கும், பின்னர் ஹோவர்டு குடும்பத்துக்கும் அது சென்றது. பதவியின் வழி வேறு, குருதியின் வழி வேறு. இரண்டையும் ஒரே கோட்டில் வரையக் கூடாது.

கேள்வி: அப்படியானால் மார்ஷலின் குருதி எந்த அரச குலத்திலாவது சேர்ந்திருக்கிறதா?

பதில்: இரண்டு அரச குலங்களில் உறுதியாகக் காட்டலாம். முன்னர் சொன்ன பேத்தி இசபெல் டி கிளேர், அனண்டேல் பிரபுவான ராபர்ட் புரூசை மணந்தார். அவர்களுடைய மகன் வழிப் பேரன்தான் ஸ்காட்லாந்தின் அரசர் முதலாம் ராபர்ட். ஆக, அவர் மார்ஷலின் பேத்திக்குப் பேரன். இங்கிலாந்தின் பக்கம், ஈவாவின் மகள் மாடு டி பிரேயோஸ், விக்மோரின் ரோஜர் மார்ட்டிமரை மணந்தார். அவர்களுடைய பேரன் 1330இல் தூக்கிலிடப்பட்ட ரோஜர், மார்ச் கோமான். அந்த வழியில் வந்த ஆன் மார்ட்டிமரின் மகன் யார்க் கோமகன் ரிச்சர்ட். அவருடைய மகன் நான்காம் எட்வர்ட் 1461இல் அரியணை ஏறினார். எட்வர்டின் மகள் எலிசபெத் ஏழாம் ஹென்றியை மணந்தபின் வந்த இங்கிலாந்து அரசர் அரசியர் அனைவரும், இன்றைய மூன்றாம் சார்லஸ் உட்பட, வில்லியம் மார்ஷலின் வழித்தோன்றல்களே. இவ்விரு கோடுகளும் அவருடைய பெண்மக்களிடமிருந்து புறப்படுபவை. படம் வரைவோர் இசபெல், ஈவா என்னும் அந்த இரண்டு பெயர்களுக்கும் கீழே போதிய இடம் விட்டு வரையுங்கள்.