சேமிப்பா, விசுவாசமா? கேள்வி பதில்

இந்தச் சுற்றில் பதிலளிப்பவர், வேதாகமக் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஐசுவரியத்தின்மேல் அல்ல, தேவன்மேல் நம்பிக்கை வைத்து வாழ்வது குறித்து வந்த கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: ஆயுள் காப்பீடு எடுப்பது அவிசுவாசம் என்று எங்கள் சபையில் பிரசங்கித்தார்கள். எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். பாலிசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றன்றைக்குத் தந்த உணவாகிய மன்னாவை நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் எடுத்துவைத்தபோது, அது மறுநாள் புழுத்து நாற்றமெடுத்தது. ஆனால் ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கென்று எடுத்துவைத்த அதே மன்னா கெடவில்லை. எடுத்துவைப்பதே பாவமாயிருந்தால் இரண்டும் ஒன்றுபோலக் கெட்டிருக்க வேண்டும். முதலாவது, நாளைக்குத் தேவன் தருவாரோ மாட்டாரோ என்ற சந்தேகத்தில் சேர்த்தது. இரண்டாவது, அவர் சொன்னபடி சேர்த்தது. எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக் களஞ்சியங்களில் குவித்தார். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதையும் அந்தப் பிரசங்கியாருக்கு நினைவூட்டலாம்.

லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டதோடு நிற்கவில்லை. அநேக வருஷங்களுக்கு வேண்டியது இருக்கிறது, இளைப்பாறு என்று தன் ஆத்துமாவோடே பேசிக்கொண்டான். தேவனோ அயலானோ அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. பிரீமியம் கட்டும்போது உங்கள் மனம் அப்படிப் பேசுகிறதா என்பதை நீங்கள்தான் சோதித்தறிய வேண்டும்.

கேள்வி: வைப்பு நிதிக்கு எந்த வங்கி பாதுகாப்பானது?

இது என் துறை அல்ல. ஒரு வங்கியில் ஒருவருடைய வைப்புகளுக்குக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதை மட்டும் அறிவேன். மற்றதை விவரமறிந்த கணக்காளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் முல்லரின் அநாதை இல்லத்துக்கு ரொட்டியும் பாலும் வந்த சம்பவத்தைச் சொல்லுங்களேன்.

இதே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாப் பிரசங்கத்திலும் வரும் சம்பவம்தான். அதைவிட, இங்கிலாந்தில் ஜெபத்தை மட்டும் நம்பி அநாதை இல்லம் நடத்திய முல்லருடைய பழக்கங்களை அறிவதே பயனுள்ளது. 1830இல் டின்மத் ஊரில் இளம் போதகராயிருந்தபோது, ஆலய இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கத்தால் ஏழைகள் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கண்டு, அந்த வாடகையிலிருந்து வந்த சம்பளத்தை வேண்டாமென்றார். 1836இல் பிரிஸ்டல் நகரின் வில்சன் தெருவில் வாடகை வீட்டில் முதல் இல்லத்தைத் தொடங்கினார். 1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழும்பி, ஏறக்குறைய 2,000 பிள்ளைகளுக்கு இடமிருந்தது. எவ்வளவு நெருக்கத்திலும் யாரிடமும் பணம் கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக்கடைசியில் பணம் கொடுப்பதுகூட ஒருவகைக் கடன்தான் என்று தோன்றியபோது, அன்றன்றைக்கே கொடுக்கும்படி மாற்றிக்கொண்டார்.

கேள்வி: முல்லர் யாரிடமும் கேட்கவில்லை என்கிறீர்கள். ஆனால் ஆண்டுதோறும் இல்லத்தைப் பற்றிய அறிக்கை அச்சிட்டாரே! அதுவே மறைமுகமான வேண்டுகோள் அல்லவா?

இன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டு. அவரும் அதை உணர்ந்திருந்தார். 1841 டிசம்பரில் கையிருப்பு ஏறக்குறைய வறண்டிருந்தது. வழக்கமான பொதுக்கூட்டத்தை நடத்தி அறிக்கையையும் வெளியிட்டிருந்தால் உதவி வந்திருக்கக்கூடும். உதவி கேட்பதுபோலத் தோன்றிவிடக் கூடாதென்றே இரண்டையும் பல மாதங்கள் ஒத்திவைத்தார். அந்த மாதங்கள் அவர்களுக்கு மிகக் கடினமாயிருந்தன.

அதே வாசகர்: ஒத்திவைத்தாலும் பின்னர் வெளியிட்டார் அல்லவா? அறிக்கையை வாசித்தவர்கள்தானே கொடுத்தார்கள்?

உண்மை, மறுக்கவில்லை. அறிக்கையை வாசித்து அநேகர் கொடுத்தார்கள். ஆனால் ஜெபத்துக்குத் தேவன் பதிலளிக்கிறார் என்பதை எல்லாரும் காணவேண்டும் என்பதே இல்லத்தின் முதல் நோக்கம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். மறைத்துவைத்தால் அந்த நோக்கமே நிறைவேறாது. நடந்து முடிந்ததைச் சொல்வது ஒன்று, இன்றைக்கு இல்லை என்று சொல்வது வேறொன்று. அவர் முதலாவதைச் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை. கொடுத்தவருக்கு ரசீதும், அச்சிட்ட கணக்கில் அவரவர் காணிக்கையும் இருந்தன. இன்று விசுவாச ஊழியம் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் கணக்கை அச்சிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கடினமாயிருந்திருக்கும்.

இன்னொரு வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் மேலைநாட்டில்தானே சாத்தியம்?

இல்லை. முல்லரின் மைத்துனர் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு முதலில் பாக்தாத்துக்கும் 1833இல் இந்தியாவுக்கும் வந்தார். அவரோடு பழகிய அருளப்பன், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் கற்ற நம் ஊர்க்காரர். மிஷன் சம்பளம் இல்லாமலே ஊழியஞ்செய்தார். நம் சபைகளில் முல்லரைத் தெரிந்த அளவுக்கு அருளப்பனைத் தெரியாதிருப்பது எனக்கு வருத்தமே. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: சபையிலுள்ள ஒரு சகோதரர் ஜெபத்தோடு நிதித் திட்டம் நடத்துகிறார். மாதம் நூற்றுக்கு நான்கு ரூபாய் தருகிறாராம். சேரலாமா?

சேராதீர்கள். ஜெபத்தோடு தொடங்குவதால் வட்டிக் கணக்கு மாறிவிடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அதுவே பதில். ஆராதனையில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர் என்பதற்காக ஒருவரிடம் பணத்தை ஒப்படைப்பதைத் தேவன்மேல் வைக்கும் நம்பிக்கை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: நகையை அடகுவைத்துத் தசமபாகம் கொடுத்தால் மல்கியா 3:10இன்படி இடங்கொள்ளாத ஆசீர்வாதம் வருமா?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். மல்கியா சொல்லும் பண்டசாலையில் சேர்ந்தது ஆலயப் பணி செய்த லேவியருக்கான தானியம். அது கிடைக்காமல் அவர்கள் தங்கள் வெளிநிலங்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13இல் வாசிக்கலாம். அதைப் போட்ட பணம் பெருகும் திட்டமாகப் போதிப்பது, பழையபடி ஐசுவரியத்தையே நம்பச் செய்வதுதான்.

கேள்வி: கடன் வாங்கி ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்கலாமா?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பணக்காரனாயிருப்பது பாவமா?

இல்லை. 1 தீமோத்தேயு 6:17-18ஐ வாசியுங்கள். பவுல் ஐசுவரியவான்களைச் சபையை விட்டுத் துரத்தவில்லை. நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வையாமல் தாராளமாய்க் கொடுக்கும்படி கட்டளையிடுகிறார்.

கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டது. ஜெபிக்கும்போதும் பயம் போகவில்லை. முல்லரைப் போல யாரிடமும் சொல்லாமல் இருக்க முயல்கிறேன்; முடியவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா ஐயா?

அம்மா, முல்லர் யாரிடமும் கேளாதிருந்தது அவருக்குக் கிடைத்த தனி அழைப்பு. எல்லாருக்கும் பொதுவான சட்டம் அல்ல. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் பவுல் வெளிப்படையாகவே கேட்டார். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுவதும் அதுதான். பிலிப்பியர் அனுப்பிய உதவியையும் நன்றியோடு வாங்கிக்கொண்டார். பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்று 56ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறார்; பயம் போனபின்தான் நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே ஞாயிறு வரை காத்திராமல் இன்றே உங்கள் சபை மூப்பரிடம் சொல்லுங்கள். வாடகை எத்தனை மாதம் பாக்கி, பள்ளிக் கட்டணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.