பேக்கேஜில் சீட் கட்டணம்: பையனுக்காகக் கட்ட வேண்டுமா?

ஏழு வயசுப் பையனோடு நாலு பேராக பாங்காக் டூர் போகிறீர்கள்; சீட் தேர்வுக்கு ஏஜென்ட் கூடுதல் காசு கேட்கிறார், கட்ட வேண்டுமா என்கிறீர்கள். கட்டாயமில்லை. பாங்காக் பேக்கேஜில் டிக்கெட் அடக்கம். சீட் தேர்வு பெரும்பாலும் அடங்காது. அதனால்தான் ஏஜென்ட் நாலு பேருக்கும் தனியாகக் கேட்கிறார். ஏழு வயசுப் பையன் தனியாக உட்காருவானே என்றுதானே பயம்? 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் (ஏர்லைன் தரும் டிக்கெட் முன்பதிவு எண்) வரும் பெற்றோரில் ஒருவருடன் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ உத்தரவிட்டிருக்கிறது.

சிக்கலே அந்த 'ஒரே பிஎன்ஆர்'தான். குரூப் டூரில் சில சமயம் குடும்பத்தையே வேறு வேறு பிஎன்ஆரில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். டூர் கம்பெனி தரும் புக்கிங் நம்பர் இதைப் பார்க்க உதவாது. ஏர்லைன் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். பையன் பெயர் உங்களோடு வராவிட்டால் ஏஜென்டை இப்போதே பிடியுங்கள். வெப் செக்-இன் திறந்ததும் செய்துவிடுங்கள்.

ஜன்னலோரமோ, நாலு பேரும் ஒரே வரிசையோ வேண்டுமென்றால் பெரும்பாலும் காசுதான். வெளிநாட்டு ஏர்லைன் என்றால் அவர்கள் விதியைத் தனியாகப் பார்க்கணும்.