ஈறு நோய் ஆராய்ச்சிக்கு விலங்கு மாதிரி (மனித நோயை விலங்கிடம் வரவைத்துப் படிக்கும் முறை) உருவாக்குவது எப்படி? எலிக்கு நமக்கு வருவது போலவே ஈறு நோய் வருமா?

தானாக அவ்வளவு எளிதில் வராது, நாம்தான் வரவைக்க வேண்டும். எந்த வழியில் என்பதை உங்கள் கேள்விதான் முடிவு செய்யும்.

என் கேள்வி வீட்டிலேயே கிடைத்தது. ஊர் தேவகோட்டை. அப்பத்தாவும் அவர் தங்கையும் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே ஊரில் வாக்கப்பட்டு, ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவிட்டு வாழ்ந்தவர்கள். அப்பத்தாவுக்கு ஐம்பது வயதுக்குள் பல்லெல்லாம் ஆடி விழுந்துவிட்டது. கடைசிவரை பாக்கையும் வெற்றிலையையும் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் போட்டுக்கொண்டார். சின்ன அப்பத்தா எண்பது வயதிலும் மனகோலத்தைக் கடித்துத் தின்றார். ஒரே மாதிரி வாழ்ந்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் பல் போனது?

இதே புதிர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்தது. ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் 1970 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பார்த்துவந்தார்கள். பல் மருத்துவமே எட்டாத சனம். எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் இருந்தன. ஆனால் 8% பேருக்கு நோய் விறுவிறுவென்று முற்றியது, 81% பேருக்கு மிதமாகப் போனது, 11% பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. 1986-ல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று மனிதரை அப்படிச் சிகிச்சையில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அதனால் எலியிடம் போகிறோம்.

அதிகம் பயன்படுவது பட்டுநூல் கட்டும் முறை. சுண்டெலிக்கு 16 பற்கள். முன்பற்கள் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் இந்த ஆய்வுக்கு ஆகாது. மயக்க மருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லைச் சுற்றி நூலை நுழைத்து முடிச்சுப் போட வேண்டும். பல்லின் அளவு கடுகைப் போலத்தான். இழுப்பு கூடினால் ஈறு கிழியும், குறைந்தால் மறுநாளே நூல் கழன்றுவிடும். நூலில் கிருமி சேர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். பிறகு தாடையைச் சுத்தம் செய்து மெத்திலீன் நீலத்தில் தோய்த்து, எனாமல் முடியும் கோட்டுக்கும் எலும்பின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மறுபக்கமே ஒப்பீட்டுக்கு ஆகும். ஒப்பீட்டுக்கென்று தனி எலிகள் வேண்டாம், பாதி எலிகளே போதும்.

எலும்பைக் கரைப்பது நூலின் உராய்வு அல்ல. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு நூல் கட்டிப் பார்த்ததில் எலும்பு பெரிதாகக் கரையவில்லை என்று 1966-லேயே காட்டிவிட்டார்கள்.

இன்னொரு வழி, மனிதரின் ஈறு நோயோடு தொடர்புள்ள போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கிருமியைக் கூழில் கலந்து வாய்வழியே ஊட்டுவது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கரையும் எலும்பும் கொஞ்சம்தான். ஆனால் என் அப்பத்தா கேள்விக்கு இதுதான் பக்கத்தில் வருகிறது. அதே கிருமியை ஊட்டினாலும் பால்ப்-சி இனச் சுண்டெலிக்கு எலும்பு கரைகிறது, சி57 கறுப்பு இனம் தாக்குப்பிடிக்கிறது. 2011-ல் இன்னொன்றும் தெரிந்தது: வேறு கிருமிகளே இல்லாத எலிக்கு இந்தக் கிருமியை மட்டும் கொடுத்தால் எலும்பு கரைவதில்லை. வாயில் ஏற்கெனவே இருக்கும் கிருமிக் கூட்டத்தைக் கெடுத்துத்தான் அது வேலை செய்கிறது.

பீகிள் நாய்க்கு நம்மைப்போலவே தானாகவும் வரும். புது சிகிச்சையைச் சோதிக்கக் கடைசிக் கட்டத்தில் மட்டும் அதைத் தொடுங்கள். செலவுக்காகச் சொல்லவில்லை. எலியில் தீர்கிற கேள்விக்கு நாயை வதைப்பது தப்பு.

விலங்குச் சோதனைக்கான நெறிக்குழு அனுமதி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். வேறு சோதனைகளில் இறந்த எலிகளின் தாடையைக் கேட்டு வாங்கி, அதில் முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். எனக்குக் கை படிய இருபது தாடைக்கு மேல் ஆனது.